நிவாரண நிதிக்கு வீகன் கேக் விற்பனை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பேரிடர் நிவாரணத்துக்காக வீகன் கேக்கும் பிஸ்கெட்டும் விற்கும் மேசைகளுக்குப் பின்னால் சில ஆண்டுகளாக நின்றுவருகிறேன். மாவு கலக்கிய நேரத்தைவிடப் பதில் சொன்ன நேரமே அதிகம். வாங்க வந்தவர்கள், கேக் செய்து தர முன்வந்தவர்கள், தாங்களே ஒரு விற்பனை நடத்த நினைத்தவர்கள் எல்லோரும் ஏறக்குறைய ஒரே கேள்விகளைத்தான் கேட்டார்கள். அவர்கள் கேட்டபடியே அவற்றை இங்கே தொகுத்திருக்கிறேன்.

வீகன் என்றால் சைவம்தானே? அதற்கு எதற்குப் புதுப் பெயர்?

சைவத்தில் பால், தயிர், வெண்ணெய், நெய் எல்லாம் உண்டு. வீகனில் அவை எதுவும் கிடையாது. முட்டை, தேன், ஜெலட்டினும் கிடையாது. விலங்கிடமிருந்து எடுத்த எதுவும் சேராதது என்று வைத்துக்கொள்ளுங்கள். தமிழில் 'நனிசைவம்' என்ற நல்ல சொல் இருக்கிறது. அட்டையில் அதை எழுதி வைத்தால் பாதிப்பேர் நின்று "இது என்ன?" என்று கேட்கிறார்கள். கேட்க நின்றவர் பெரும்பாலும் வெறுங்கையோடு போவதில்லை.

'வீகன்' என்ற சொல்லுக்கும் வயது அதிகமில்லை. 1944 நவம்பரில், பாலையும் முட்டையையும் விலக்கிய சிலர் பிரிட்டனில் டொனால்ட் வாட்சனோடு சேர்ந்து தனிச் சங்கம் தொடங்கியபோது, 'வெஜிடேரியன்' என்ற ஆங்கிலச் சொல்லின் தலையையும் வாலையும் ஒட்டி இதை உருவாக்கினார்கள். முட்டை சேர்க்காத கேக் எல்லாம் வீகன் ஆகிவிடாது என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். முட்டையை எடுத்துவிட்டு அந்த இடத்தில் தயிரையோ சுண்டக் காய்ச்சிய பாலையோ ஊற்றுவதுதான் பொதுவான வழக்கம்.

பணம் அனுப்புவதுதான் நோக்கம் என்றால் நேராக அனுப்பிவிட்டுப் போகலாமே? நடுவில் கேக் எதற்கு?

உங்கள் கையில் பணம் இருந்தால் இன்றே அனுப்பிவிடுங்கள். கேக்குக்காகக் காத்திருக்க வேண்டாம். விற்பனை என்பது அனுப்ப நினைத்தும் அனுப்பாமல் இருந்தவர்களுக்காக. செய்தியைப் பார்த்து வருந்தி, பிறகு அன்றாட வேலையில் மறந்துபோனவர்கள்தான் நம்மில் பெரும்பாலோர். மேசையைக் கண்டதும் நினைவு வருகிறது, கை பையை நோக்கிப் போகிறது.

இன்னொரு கணக்கும் உண்டு. கையில் பெரிய தொகை இல்லாத ஒரு மாணவர் கொஞ்சம் மாவும் சர்க்கரையும் எண்ணெயும் ஒரு மாலை நேர உழைப்பும் போட்டால், பொருட்களுக்குச் செலவழித்ததைப் போல மூன்று நான்கு மடங்கு வசூலாகிறது. அவரால் நேராக அனுப்பியிருக்க முடியாத தொகை அது.

இது ஒன்றும் புதிய யோசனை இல்லை. உலகின் பல ஊர்களில் ஒரே காலத்தில் வீகன் கேக் விற்பனை நடத்தும் முயற்சி 2009இல் தொடங்கியது. 2010 ஜனவரி 12 அன்று ஹைட்டியில் நிலநடுக்கம் ஏற்பட்டபோது அமெரிக்க நகரங்கள் பலவற்றில் இருந்த வீகன் குழுக்கள் சில வாரங்களுக்குள் மேசைகளைப் போட்டுவிட்டன. அடுத்த ஆண்டு மார்ச்சில் ஜப்பானை ஆழிப்பேரலை தாக்கியபோதும் அப்படியே நடந்தது.

சாதாரண கேக் என்றால் இன்னும் நிறைய விற்குமே? ஏன் இந்தப் பிடிவாதம்?

நானும் முதலில் அப்படித்தான் நினைத்தேன். மேசைக்குப் பின்னால் நின்ற பிறகு கணக்கு மாறியது. முட்டை சாப்பிடாதவர், பால் ஒத்துக்கொள்ளாதவர், சமயக் காரணத்தால் ஜெலட்டினைத் தவிர்ப்பவர், யூத உணவு விதிப்படி இறைச்சியோடு பாலைச் சேர்க்காதவர், வீகன்கள் என்று வழக்கமாகக் கேக் மேசையைப் பார்த்துவிட்டு நடந்துபோகும் கூட்டம் ஒன்று இருக்கிறது. இங்கே அவர்கள் நிற்கிறார்கள். எல்லாம் சாப்பிடுகிறவருக்கும் இதில் தடை எதுவும் இல்லை.

இரண்டாவது காரணம் வெயில். பாலேடும் வெண்ணெயும் இல்லாத எளிய கேக், பிஸ்கெட் வகைகள் குளிர்பெட்டி இல்லாத மேசையில் தாக்குப்பிடிக்கும். மூன்றாவது, நடத்துகிறவர்களின் கொள்கை. ஒரு துயரத்தைத் துடைக்க இன்னொரு உயிருக்குத் துன்பம் தர வேண்டாம் என்று அவர்கள் நினைக்கிறார்கள். வாங்குகிறவர் அதை ஏற்க வேண்டிய கட்டாயம் இல்லை, கேக் பிடித்தால் போதும்.

முட்டை இல்லாமல் எப்படி உப்பும்? செங்கல் மாதிரி வராதா?

வரும், தவறாகச் செய்தால். முட்டை கேக்கில் மூன்று வேலை பார்க்கிறது: மாவைப் பிணைக்கிறது, காற்றைப் பிடித்துவைத்து உப்ப வைக்கிறது, ஈரம் தருகிறது. உங்கள் கேக்குக்கு இந்த மூன்றில் எது முக்கியமோ அதற்கு ஏற்ற மாற்றைப் போட வேண்டும். எல்லாவற்றுக்கும் ஒரே மாற்றைப் போடுவதால்தான் செங்கல் வருகிறது.

பிணைக்க வேண்டுமானால் ஆளிவிதைப் பொடி. ஒரு மேசைக்கரண்டிப் பொடியை மூன்று மேசைக்கரண்டி நீரில் பத்து நிமிடம் ஊறவிட்டால் வழுவழுப்பான கூழாகும். அது ஒரு முட்டைக்குச் சமம். பிஸ்கெட், பிரவுனி, மஃபின் வகைகளுக்கு இது பொருந்தும். வெண்ணிறக் கேக்கில் பழுப்புப் புள்ளிகள் தெரியும். ஈரத்துக்கு மசித்த வாழைப்பழமோ வேகவைத்து மசித்த ஆப்பிளோ கால் கோப்பை போதும், ஆனால் வாழைப்பழம் தன் வாசனையை விட்டுக்கொடுக்காது. உப்புவதற்குச் சமையல் சோடாவும் வினிகரும். சோடா காரம், வினிகர் அமிலம். இரண்டும் சேர்ந்த கணமே கரியமில வாயு கிளம்பிவிடும். ஆகவே கலந்த மாவை வைத்துக்கொண்டு கைபேசியில் பேசக் கூடாது, சூடான அடுப்புக்குள் உடனே போக வேண்டும். முட்டையும் பாலும் வெண்ணெயும் கிடைக்காத போர்க்காலங்களிலும் பஞ்ச காலங்களிலும் வீடுகளில் கேக் செய்யப்பட்டது இந்த வழியில்தான். எனக்கு மிகவும் பிடித்ததும், புதியவர்களுக்கு நான் எப்போதும் சொல்வதும் இதுதான்.

முட்டை வெள்ளைக்கரு போல நுரைக்க வேண்டுமானால் கொண்டைக்கடலை வெந்த நீர். நம்பாமல் சிரிப்பவர்கள் உண்டு. 2014இல் பிரான்ஸைச் சேர்ந்த ஜோயல் ரோசெல் என்ற இசைக்கலைஞர் பருப்பு வகைகள் வெந்த நீர் நுரைக்கும் என்று கண்டு எழுதினார். அடுத்த ஆண்டு அமெரிக்கர் ஒருவர் கொண்டைக்கடலை நீரும் சர்க்கரையும் மட்டுமே சேர்த்து மெரிங் (வழக்கமாக வெள்ளைக்கரு நுரையில் செய்யும் மொறுமொறு இனிப்பு) செய்து காட்டினார். 'அக்வாஃபாபா' என்ற பெயரும் அப்போது வந்ததே. ஒரு முட்டைக்கு மூன்று மேசைக்கரண்டி. வீட்டில் வேகவைத்த நீர் தண்ணீராக இருந்தால் பச்சை முட்டை வெள்ளைக்கருவின் பதம் வரும்வரை சுண்டக் காய்ச்சுங்கள். கடைசியாக ஒன்று: நான்கைந்து முட்டை கேட்கும் பஞ்சு கேக்கை மாற்ற முயலாதீர்கள். ஒன்றிரண்டு முட்டை கேட்கும் செய்முறையை எடுத்துக்கொள்ளுங்கள்.

எனக்குக் கேக் செய்யவே வராது. நான் என்ன செய்யலாம்?

மேசைக்குக் கேக் செய்யத் தெரிந்தவர்களைவிட எழுத, எண்ண, தூக்க, விளக்கத் தெரிந்தவர்கள்தான் குறைவாகக் கிடைக்கிறார்கள். பெயர் அட்டை எழுதுங்கள், சில்லறை மாற்றி வாருங்கள், முற்பகல் கூட்டத்தில் நின்று பேசுங்கள். இவை எதுவும் வேண்டாம் என்றால் பிஸ்கெட் செய்யுங்கள். அதில் உப்ப வைக்கும் கவலை இல்லை.

பாக்கெட்டில் பால் இல்லை, முட்டை இல்லை என்றால் போதுமா? வேறு என்ன பார்க்க வேண்டும்?

மார்ஜரினை முதலில் பாருங்கள். தாவர எண்ணெய் என்று பெரிதாக எழுதிவிட்டு மோர்த்தெளிவுப் பொடியைச் சிறிதாக எழுதியிருப்பார்கள். சில வகைகளில் சேர்க்கப்படும் வைட்டமின் டி3 ஆட்டுக் கம்பளியின் கொழுப்பிலிருந்து வருவது. கேக்கின் மேல் தூவும் வண்ண மணிகளில் ஈ 120 என்ற எண் இருந்தால் அது கொச்சினீல் பூச்சியிலிருந்து எடுத்த சிவப்பு, ஈ 904 என்றால் அரக்குப் பூச்சி சுரக்கும் அரக்கு. சாக்லேட் கறுப்பாக இருப்பதாலேயே பால் இல்லை என்று முடிவு கட்டாதீர்கள்.

சர்க்கரையைப் பற்றியும் கேட்கிறார்கள். சில நாடுகளில் கரும்புச் சர்க்கரையை வெளுக்க எலும்புக்கரியை வடிகட்டியாகப் பயன்படுத்துகிறார்கள். பீட் சர்க்கரைக்கு அது தேவைப்படுவதில்லை. உங்கள் குழு எதுவரை போவது என்று முன்கூட்டியே ஒரு முடிவுக்கு வந்து எல்லோருக்கும் எழுதிக் கொடுத்துவிடுங்கள். விற்பனை நாளின் காலையில் சர்க்கரை விவாதம் தொடங்கினால் பொழுது அதிலேயே போய்விடும்.

தேன் ஊற்றினால் என்ன? தேனீக்கு என்ன நஷ்டம்?

தேன் தேனீக்களின் சேமிப்பு உணவு, அதனால் வீகன் வழக்கத்தில் அது இல்லை. நஷ்டம் உண்டா இல்லையா என்பதைத் தனியாகப் பேசிக்கொள்ளலாம். மேசையில் 'வீகன்' என்று எழுதியிருக்கும்வரை தேன் வேண்டாம். வெல்லப்பாகு அந்த வேலையை நன்றாகவே செய்யும்.

என் பிள்ளைக்குப் பால் ஒவ்வாமை. வீகன் கேக் என்றால் கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாம் அல்லவா?

கூடாது. இந்தப் பக்கத்திலேயே மிக முக்கியமான பதில் இதுதான். 'வீகன்' என்பது செய்தவர் எதைச் சேர்க்கவில்லை என்பதைச் சொல்கிறது. அந்தச் சமையலறையில் எது தெறித்தது, எந்தக் கரண்டி எதில் போனது என்பதைச் சொல்வதில்லை. கொள்கைக்காகப் பாலைத் தவிர்ப்பவருக்கு ஒரு துளி கலந்தால் மனவருத்தம், ஒவ்வாமை உள்ளவருக்கு அது உயிர்ப் பிரச்சினை. 2017இல் பிரிட்டனில், பால் சேராதது என்று நம்பி வாங்கிய உணவைச் சாப்பிட்ட ஒரு பெண் இறந்துபோனார். அதிலிருந்த தேங்காய்த் தயிரின் மூலப்பொருளில் பால் புரதம் கலந்திருந்தது பிறகு தெரியவந்தது.

ஆகவே எங்கள் மேசையில் இரண்டு வரி எழுதிவைக்கிறோம்: "பால், முட்டை சேர்க்கவில்லை. பாலும் முட்டையும் புழங்கும் வீட்டுச் சமையலறைகளில் செய்தவை." இதை எழுதினால் விற்பனை குறையும் என்று பயப்படுகிறவர்கள் உண்டு. எங்களுக்குக் குறையவில்லை. ஒருவேளை குறைந்தாலும் எழுதத்தான் வேண்டும்.

அதோடு, பாலை விலக்கும் கேக்கில் வேறு ஒவ்வாமைப் பொருள்கள் கூடுகின்றன: சோயா, பாதாம், முந்திரி, எள், கோதுமை. ஐரோப்பிய ஒன்றியத்தில் 14 வகை ஒவ்வாமைப் பொருள்களை அறிவிக்க வேண்டும். அமெரிக்கப் பட்டியலில் 2023 முதல் எள் ஒன்பதாவதாகச் சேர்ந்திருக்கிறது. உங்கள் நாட்டுப் பட்டியல் எதுவானாலும், ஒவ்வொரு கேக்குக்கும் அதைச் செய்தவரே எல்லாச் சேர்மானங்களையும் எழுதித் தர வேண்டும். அட்டை இல்லாத கேக்கை மேசையில் வைக்காதீர்கள், செய்தவர் எவ்வளவு நெருங்கிய நண்பராக இருந்தாலும் சரி.

முட்டைதான் இல்லையே, பச்சை மாவைச் சுவை பார்க்கலாமா?

வேண்டாம். மாவும் பச்சைப் பொருள்தான், அரைத்ததால் கிருமி சாவதில்லை. 2016இல் அமெரிக்காவில் பச்சை மாவின் வழியாக ஈ.கோலை பரவி 24 மாநிலங்களில் 63 பேர் நோயுற்றார்கள். குழந்தைகள் உதவிக்கு வரும் சமையலறையில் இதை முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

பால் இல்லாததால் கெடாது, காலையில் வைத்ததை மாலைவரை விற்கலாம், சரிதானே?

எதை வைத்தீர்கள் என்பதைப் பொறுத்தது. உலர்ந்த கேக்கும் பிஸ்கெட்டும் தாங்கும். சோயா பாலில் செய்த கஸ்டர்டு, தேங்காய்ப்பால் கிரீம், நறுக்கிய பழம் வைத்தவை எல்லாம் மற்ற உணவைப் போலவே கெடும். 5 டிகிரிக்கும் 60 டிகிரிக்கும் இடைப்பட்ட வெப்பத்தில்தான் கிருமிகள் வேகமாகப் பெருகும், அப்படிக் கெடக்கூடிய உணவை இரண்டு மணி நேரத்துக்கு மேல் வெளியே வைக்கக் கூடாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அறிவுரை. குளிர்பெட்டி இல்லையென்றால் அவற்றை மேசைக்கே கொண்டுவராதீர்கள்.

மேற்பூச்சு விஷயத்தில் என் தோல்வி ஒன்றைச் சொல்கிறேன். தேங்காய் எண்ணெயில் அழகான பூச்சு செய்து முப்பது கப்கேக்குகளுக்கு வைத்தேன். தேங்காய் எண்ணெய் ஏறக்குறைய 24 டிகிரியிலேயே உருகும் என்பது அன்று பதினொரு மணிக்குத்தான் உறைத்தது. முப்பதும் குளித்துவிட்டு வந்ததுபோல நின்றன. இப்போதெல்லாம் பொடித்த சர்க்கரையில் சில துளி நீரும் எலுமிச்சைச் சாறும் குழைத்து ஊற்றிவிடுகிறேன். அது இறுகினால் இறுகியதுதான்.

வீட்டில் செய்து விற்க அனுமதி வாங்க வேண்டுமா?

நாட்டுக்கு நாடு, சில இடங்களில் மாநிலத்துக்கு மாநிலம் மாறும். எப்போதாவது நடக்கும் தொண்டு விற்பனைக்குச் சில நாடுகள் பதிவு கேட்பதில்லை. சில இடங்களில் கெடக்கூடிய உணவை மட்டும் தடுக்கிறார்கள். மூன்று பேரிடம் கேட்க வேண்டும்: உள்ளூர் உணவுப் பாதுகாப்பு அலுவலகம், மேசை போடும் இடத்தின் உரிமையாளர், பொதுமக்களிடம் நிதி திரட்டுவதை ஒழுங்குபடுத்தும் துறை. மூன்றாவதைத்தான் எல்லோரும் மறக்கிறார்கள்.

விலை போட வேண்டுமா, "இயன்றதைக் கொடுங்கள்" என்று எழுதலாமா?

இரண்டையும் செய்து பார்த்திருக்கிறேன். "இயன்றதைக் கொடுங்கள்" என்றால் தாராளமானவர் தாராளமாகக் கொடுக்கிறார், கூச்சமுள்ளவர் எவ்வளவு கொடுப்பது என்று தெரியாமல் நடந்துபோய்விடுகிறார். இப்போது ஒரு சிறு குறைந்தபட்ச விலையைப் போட்டு, பக்கத்தில் ஒரு உண்டியலையும் வைக்கிறோம். மீதிச் சில்லறை பெரும்பாலும் உண்டியலுக்கே போகிறது. விலைகளை முழு எண்ணாக வையுங்கள், வரிசை வேகமாக நகரும்.

கைபேசியில் பணம் அனுப்பும் கட்டத்தை (QR குறியீட்டை) ஒட்டினால், மணிக்கு ஒருமுறை அது உங்களுடையதுதானா என்று பாருங்கள். அதன் மேல் வேறொன்றை ஒட்டிவிட்டுப் போகும் ஆட்கள் உண்டு. ரொக்கத்தை இரண்டு பேர் சேர்ந்து எண்ணி, இருவரும் கையெழுத்திட வேண்டும். நம்பிக்கை இல்லாததால் இல்லை, பிறகு யாரும் யாரையும் கேட்க வேண்டிய நிலை வராமல் இருப்பதற்காக.

மாவு, சர்க்கரை வாங்கிய செலவை வசூலிலிருந்து எடுத்துக்கொள்ளலாமா?

எடுத்துக்கொள்ளலாம், சொல்லிவிட்டு எடுத்தால். "முழு வசூலும் நிவாரணத்துக்கு" என்று எழுதினால் ஒரு காசும் கழிக்கக் கூடாது. பெட்டியும் காகிதப் பையும்கூட யாராவது கைப்பணத்தில் வாங்க வேண்டும். "செலவு போக மீதி" என்று எழுதினால் செலவுக் கணக்கைக் காட்ட வேண்டும். வசதி குறைந்தவர்களும் கேக் செய்ய வர வேண்டும் என்றால் இரண்டாவதே நியாயமானது. முடிந்தவர்கள் பொருள் வாங்கித் தந்து மற்றவர்கள் உழைப்பைத் தரும் ஏற்பாட்டில் எங்களுக்கு இந்தச் சிக்கலே வரவில்லை.

சேர்ந்த பணத்தை யாருக்கு அனுப்புவது? பெரிய நிறுவனத்துக்கா, அங்கேயே இருக்கும் சிறிய குழுவுக்கா?

பேரிடருக்கு முன்பே அந்தப் பகுதியில் வேலை செய்துகொண்டிருந்தவர்களுக்கு என்பது என் விடை. பெரியதா சிறியதா என்பது எனக்கு இரண்டாவது கேள்வி. செஞ்சிலுவை, செம்பிறைச் சங்கங்களுக்கு ஏறக்குறைய எல்லா நாடுகளிலும் கிளைகள் இருப்பது ஒரு வசதி. சிறிய குழுக்களுக்குத் தெருவும் மொழியும் தெரிந்திருக்கும், ஆனால் பதிவு, வங்கிக் கணக்கு, சென்ற ஆண்டுக் கணக்கறிக்கை மூன்றையும் பாருங்கள். பேரிடர் நடந்த மறுநாள் முளைத்த பெயர்களைக் கண்டால் ஒரு அடி பின்னால் நில்லுங்கள். வெளிநாட்டுக்கு அனுப்புவதாக இருந்தால், இரு நாட்டுச் சட்டமும் அதற்கு இடம் தருகிறதா என்று விற்பனைக்கு முன்பே விசாரியுங்கள்.

இந்தப் பேரிடருக்கு மட்டும்தான் என்று அட்டையில் எழுதலாமா?

எழுதுவதற்கு முன் இரண்டு முறை யோசியுங்கள். எழுதிய வார்த்தை உங்களைக் கட்டிப்போடும். 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலைக்குப் பிறகு, எல்லைகளற்ற மருத்துவர்கள் அமைப்பு சில நாட்களிலேயே, அந்தப் பணிக்குத் தங்களிடம் போதிய நிதி சேர்ந்துவிட்டது, இனி அதற்கென்று தனியாகத் தர வேண்டாம் என்று அறிவித்தது. அப்படிச் சொல்ல ஒரு நேர்மை வேண்டும். ஆனால் அதற்கென்றே வசூலித்த பணத்தைக் கையில் வைத்திருந்தவர்களின் நிலையையும் நினைத்துப் பாருங்கள்.

இன்னொன்று ஆஸ்திரேலியாவில். 2019–20 காட்டுத்தீயின்போது நகைச்சுவைக் கலைஞர் செலஸ்ட் பார்பர் இணையத்தில் கேட்க, 51 மில்லியன் ஆஸ்திரேலிய டாலருக்கு மேல் குவிந்தது. அவர் குறிப்பிட்டிருந்தது நியூ சவுத் வேல்ஸ் கிராமப்புறத் தீயணைப்புப் படையின் அறக்கட்டளையை. தீயில் வீடிழந்தவர்களுக்கும் காயம்பட்ட விலங்குகளுக்கும் பகிர்ந்து தர வேண்டும் என்று பிறகு பலரும் விரும்பினார்கள். அறக்கட்டளையின் பத்திரம் அதற்கு இடம் தரவில்லை என்று 2020 மே மாதம் நீதிமன்றம் சொல்லிவிட்டது. நம்முடைய தொகை அதில் தூசு, பாடம் மட்டும் அதே அளவு. "இந்த நிவாரணத்துக்கு. அங்கே தேவை நிறைவேறிவிட்டால் அதே அமைப்பின் வேறு அவசரப் பணிக்கு" என்று ஒரு வரி சேர்த்துவிடுங்கள்.

பணத்துக்குப் பதிலாகக் கேக்கையே பாதிக்கப்பட்டவர்களுக்கு அனுப்பினால் என்ன? துணிமணியும் சேர்த்து அனுப்பலாமே?

நல்ல மனதோடு கேட்கப்படும் கேள்வி, அதனால் கோபம் வருவதில்லை. கேக் போய்ச் சேர்வதற்குள் பூஞ்சணம் பிடிக்கும். துணி போய்ச் சேரும், ஆனால் அதை இறக்க, பிரிக்க, அடுக்க ஆள் வேண்டும். அந்த ஆட்கள் அப்போது செய்ய வேண்டியது வேறு வேலை. கேட்காமல் வந்து குவியும் பொருட்களை நிவாரணப் பணியாளர்கள் 'இரண்டாவது பேரிடர்' என்றே சொல்வதுண்டு. பணமாகப் போனால் அங்கேயே, அன்றைய தேவைக்கு வாங்கலாம். உள்ளூர்க் கடைக்காரரும் பிழைப்பார். கேட்டு வாங்கினால் மட்டும் பொருள் அனுப்புங்கள்.

மனிதர்கள் தவிக்கும்போது விலங்கு மீட்புக்குப் பணம் தருகிறீர்களாமே? இது நியாயமா?

எங்கள் மேசையில் பணம் பெரும்பாலும் மனித நிவாரணத்துக்கே போகிறது, சில தடவை ஒரு பங்கு விலங்கு மீட்புக்கும் போகிறது. எது என்று அட்டையில் எழுதியிருக்கும். முந்தைய ஆஸ்திரேலியக் கதை அதற்காகவும்தான்.

நியாயமா என்றால், இரண்டையும் அப்படிப் பிரித்துவிட முடியாது என்பேன். 2005இல் கத்ரீனா புயலின்போது, வளர்ப்பு விலங்குகளை உடன் கொண்டுவர அனுமதி இல்லாததால் வெள்ளத்தில் மூழ்கும் வீட்டை விட்டு வர மறுத்தவர்கள் இருந்தார்கள். அதன் பிறகுதான் வெளியேற்றத் திட்டங்களில் வளர்ப்பு விலங்குகளையும் சேர்க்கும்படி 2006இல் அமெரிக்காவில் சட்டமே வந்தது. கால்நடையை நம்பி வாழும் குடும்பத்துக்கு அது போனால் பிழைப்பே போகிறது. நாயைக் காப்பாற்ற வழி இருந்தால் அதன் சொந்தக்காரரும் படகில் ஏறுவார்.

துயரத்தைச் சாக்காக வைத்து வீகன் பிரசாரம் செய்கிறீர்கள் என்று ஒருவர் சொன்னார். என்ன பதில் சொல்வது?

அவர் சொல்வதில் எச்சரிக்கை இருக்கிறது, கேட்டுக்கொள்ளுங்கள். நான் பார்த்த ஒரு மேசையில், இடிந்த வீடுகளின் படத்துக்குப் பக்கத்திலேயே இறைச்சிக்கூடத்தின் படத்தை ஒட்டியிருந்தார்கள். கேக் வாங்க வந்த ஒரு அம்மா படத்தைப் பார்த்துவிட்டு, வாங்காமல் திரும்பினார். அவருடைய உறவினர்கள் அந்தப் பேரிடர்ப் பகுதியில் இருந்தார்கள் என்று பிறகு தெரிந்தது. அன்றிலிருந்து என் விதி இது: பேரிடரின் பெயரில் கூட்டம் சேர்த்தால், பேச்சும் பேரிடரைப் பற்றியே இருக்க வேண்டும். கேக் எப்படிச் செய்தது என்று கேட்டால் செய்முறைத் தாளைக் கொடுங்கள். ஏன் வீகன் ஆனீர்கள் என்று அவராகக் கேட்டால் சொல்லுங்கள். கேட்காதவரிடம் தொடங்காதீர்கள்.

இதில் உடன்படாத நண்பர்கள் எனக்கு உண்டு. வாய்ப்பை வீணாக்குகிறோம் என்கிறார்கள். வீகன் கேக் என்று தெரிந்தே ஒருவர் வாங்கி, நன்றாக இருக்கிறது என்று இரண்டாவதுக்கு வருவதைவிடப் பெரிய பிரசாரம் எது என்று எனக்குத் தெரியவில்லை.

ஒருவர் ஆசையோடு வெண்ணெய்க் கேக் செய்து கொண்டுவந்துவிட்டார். திருப்பி அனுப்புவதா?

மேசையில் வைக்கக் கூடாது. ஒவ்வாமை பற்றிய பதிலைப் படித்தவருக்குக் காரணம் தெரியும்: பலகையில் 'வீகன்' என்று எழுதியிருக்கும்போது ஒரே ஒரு கேக் விதிவிலக்கானாலும் எல்லாப் பலகையும் பொய். ஆனால் கொண்டுவந்தவரை நிறுத்திவைத்து விளக்கம் சொல்லாதீர்கள். நன்றி சொல்லி வாங்கிக்கொண்டு, உதவிக்கு நிற்பவர்களில் சாப்பிடுகிறவர்களுக்குக் கொடுத்து, அதற்கான தொகையை அவர்கள் உண்டியலில் போடச் செய்தோம். அடுத்த விற்பனைக்கு அவரே சோடா-வினிகர் கேக்கோடு வந்தார்.

பேரிடர் நடந்து மூன்று மாதம் ஆகிவிட்டது. இனி விற்பனை நடத்தி என்ன பயன்?

முதல் இரண்டு வாரங்களில் பணம் வெள்ளமாக வரும், பிறகு செய்திகள் வேறு பக்கம் திரும்பிவிடும். கூரை போடுவது, கிணறு தூர்வாருவது, பள்ளிக்கூடம் திறப்பது எல்லாம் அதற்குப் பிறகுதான் தொடங்கும். தாமதமாகிவிட்டது என்று தயங்குகிறவர்களிடம், நீங்கள்தான் சரியான நேரத்தில் வந்திருக்கிறீர்கள் என்கிறேன். கூட்டம் மட்டும் குறைவாக இருக்கும், அதற்கேற்பக் குறைவாகச் செய்யுங்கள்.

கேக் வாங்கியதற்கு வரிவிலக்கு ரசீது தருவீர்களா?

பெரும்பாலான இடங்களில் முடியாது. பணத்துக்குப் பதிலாக நீங்கள் ஒரு பொருளைப் பெற்றுக்கொண்டீர்கள், ஆகவே சட்டத்தின் கண்ணில் அது வாங்கல். சில நாடுகளில் கேக்கின் மதிப்புக்கு மேல் கொடுத்த தொகைக்கு மட்டும் விலக்கு உண்டு. ரசீது வேண்டுமென்றால் அமைப்புக்கு நேராக அனுப்பிவிட்டு, எங்களிடம் சாதாரணமாக ஒரு பிஸ்கெட் வாங்கிக்கொள்ளுங்கள்.

நாள் முழுக்க நின்றும் கொஞ்சம்தான் சேர்ந்தது. இதை அனுப்பவே வெட்கமாக இருக்கிறது. அடுத்த விற்பனைவரை வைத்திருக்கட்டுமா?

வைத்திருக்காதீர்கள். வாங்கியவர்களுக்கு நீங்கள் சொன்னது இந்த நிவாரணத்துக்கு என்று. மழையில் ஒரு முறை எங்களுக்குச் சேர்ந்த தொகை, மேசை வாடகை கொடுத்திருந்தால் அதற்கே சரியாகப் போயிருக்கும். அதையும் அனுப்பினோம். வங்கிக் கட்டணம் தொகையைத் தின்றுவிடும் என்றால், அதே அமைப்புக்கு அனுப்பப்போகும் இன்னொரு குழுவோடு சேர்த்து அனுப்பலாம், அல்லது அந்த அமைப்பின் உள்நாட்டுக் கிளையில் கட்டலாம்.

அனுப்பியதும் ரசீதைப் படமெடுத்து, வசூல் இவ்வளவு, செலவு இவ்வளவு, அனுப்பியது இவ்வளவு என்று மூன்றே வரி எழுதி, மேசை போட்ட அதே இடத்தில் ஒட்டிவிடுங்கள். ஒரு வாரம் அது அங்கேயே இருக்கட்டும். வாங்கியவர்களில் சிலர் நின்று படிப்பார்கள். இரவல் வாங்கிய கேக் தட்டுகளைத் திருப்பிக் கொடுக்க வேண்டிய வாரமும் அதுதான்.